இல்லாத அத்தைக்குப் பத்து நாள் லீவு

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் அப்பாவும் இருக்கிறோம். நலமாக இருக்கிறோமா என்பதைக் கீழே எழுதுகிறேன், அவசரப்படாதே. நீ நலமா?

உன் டிசம்பர் கடிதம் வந்தது. முதல் பத்தியிலேயே என் முதுகுவலியை விசாரித்திருந்தாய். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து இன்னொரு தடவை படித்தேன். நீ பிறந்த நாளிலிருந்து உன்னை எனக்குத் தெரியும். நான் மாடிப்படியில் உருண்டு விழுந்தபோது, "விழுந்ததுதான் விழுந்தே டீச்சரம்மா, அப்படியே கீழே கிடக்கிற பேப்பரை எடுத்துட்டு வா" என்று சொன்ன பிறவி நீ. வெளிநாட்டுத் துறைமுகத்தில் சரக்கு எண்ணுகிற புள்ளிவிவர ஆபீஸ் ஒரு மனுஷனை இவ்வளவு திருத்துமா? அப்படியென்றால் என் ஏழாம் வகுப்பிலிருந்து நாலு பேரை அனுப்பி வைக்கிறேன்.

அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. உன் கடிதங்களைப் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவுக்குப் படித்துக் காட்டுகிறார். "பாத்தீங்களா, எம்பையன் எவ்வளவு பணிவா எழுதறான்!" என்கிறார். அந்தம்மா மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்கிறார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவின் இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடவில்லை. ஆபரேஷன் செய்தால் நன்றாக இருப்பார், ஆகஸ்டைத் தாண்ட விடாதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பா ஒரே பிடிவாதம். "அவன் வரட்டும். அவனைப் பாக்காம நான் அந்த மேஜைல ஏற மாட்டேன்." டாக்டர் கெஞ்சினார், நான் கத்தினேன், தையல்காரம்மா அழுதார். அவர் அசையவில்லை.

இரண்டு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது அவருக்கு. எனக்குப் பயமாக இருக்கிறது. எப்படியாவது வந்துவிட்டுப் போ.

உன் அக்கா

&nbsp;

பிப்ரவரி 3

என்றும் அன்பிற்குரிய அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கு நான் நலம். இக்கடிதம் உன்னையும் அப்பாவையும் பூரண நலத்துடன் வந்து காணட்டும். அப்பா நலமில்லை என்பதை உன் கடிதத்தில் படித்தேன். ஆயினும் அப்படி ஆரம்பிப்பதுதானே முறை.

நீ எழுதியவற்றுக்கு வரிசைப்படி பதில் தருகிறேன். முதலாவதாக, முதுகுவலி. வகுப்பில் நெடுநேரம் நின்றுகொண்டே இருக்காதே. இரண்டாவதாக, அப்பாவின் ஆபரேஷன். அதை அவசியம் செய்துகொள்ள வேண்டும். "அப்பா, நீங்கள்தான் என் முதல் ஆசான், ஆசான் அஞ்சலாமா?" என்று நான் கேட்டதாக அவரிடம் சொல். மூன்றாவதாக, நான் வருவது. அது பரிசீலனையில் உள்ளது.

இங்கே வெயிலும் அதிகமில்லை, குளிரும் அதிகமில்லை. சாப்பாடு நேரத்துக்குக் கிடைக்கிறது. தையல்காரம்மாவின் நலத்தையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புத் தம்பி

&nbsp;

பிப்ரவரி 15

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். முதுகும் நலம். தையல்காரம்மா, நீ விசாரித்ததைக் கேட்டுப் பூரித்துப்போனார். நீ இங்கே இருந்தவரை அவருடைய மிஷின் சத்தத்தைப் பற்றித்தான் விசாரித்திருக்கிறாய்.

"முதல் ஆசான்" என்ற இடத்தை அப்பா நாலு தடவை படிக்கச் சொன்னார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இப்படிப்பட்ட பிள்ளையைப் பாக்காமயா ஆபரேஷனுக்குப் போவேன்?" என்றார். நீ எழுதியதால் பிடிவாதம் இன்னும் இறுகிவிட்டது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை.

இன்னொரு சேதி. நம் அத்தை குளியலறையில் வழுக்கி விழுந்து காலில் கட்டுப் போட்டிருக்கிறாள். படுத்த படுக்கை. நினைவு வரும்போதெல்லாம் உன்னைத்தான் கேட்கிறாள். அவளுக்கு ஆறுதலாக நாலு வரி எழுது. உன்மேல் அவளுக்கு எவ்வளவு உயிர் என்று உனக்கே தெரியும்.

எப்போது வருகிறாய்? பரிசீலனை என்று எழுதாதே. தேதியை எழுது.

உன் அக்கா

&nbsp;

பிப்ரவரி 24

மேலதிகாரி அவர்களுக்கு,

குடும்பக் கடிதப் பிரிவின் எழுத்தர் வணக்கத்துடன் எழுதுவது. தாங்களும் தங்கள் இல்லத்தாரும் நலமென்று நம்புகிறேன். அலுவலகக் குறிப்பில் நலம் விசாரிக்கக் கூடாதென்று தாங்கள் கண்டித்தது நினைவிருக்கிறது. நாள் முழுவதும் பல வீடுகளுக்கு மகனாகவும் கணவனாகவும் தம்பியாகவும் எழுதுகிற கை. சொன்னால் கேட்க மாட்டேன் என்கிறது.

கோரிக்கைக்குப் பின்னணி எழுத வேண்டும் என்பது விதி. கொல்லன் தெருவில் ஊசி விற்கிறேன், பொறுத்தருள்க. நம் உளவு நிறுவனம் வெளிநாட்டில் வைத்திருக்கும் ஆட்கள் தங்கள் கையால் வீட்டுக்கு எழுதினால், அந்தத் தபாலின் வாலைப் பிடித்துக்கொண்டே எதிரி அவர்கள் வாசலுக்கு வந்துவிடுவான். ஆகவே அவர்கள் கையெழுத்தில் நான் எழுதுகிறேன். வருகிற கடிதங்களை நான் படிக்கிறேன். போகிற கடிதங்களைத் தாங்கள் படித்து அனுமதிக்கிறீர்கள்.

துறைமுகக் கள அலுவலரின் தந்தைக்கு இதய ஆபரேஷன். மகன் வந்தால்தான் சம்மதிப்பேன் என்கிறார். லீவு தர இயலுமா? மேலும், அவருடைய சகோதரி ஓர் அத்தையைப் பற்றி எழுதியிருக்கிறார். நம் கோப்பில் தந்தையும் அக்காவும் மட்டுமே உண்டு. தாயார் முன்பே காலமானவர். அத்தையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. என்ன செய்ய?

பணிவுடன்,
எழுத்தர்

(கீழே மேலதிகாரியின் கையெழுத்தில்:)

லீவு கிடையாது. களத்தில் இருப்பவருக்கு விதி ஒன்றுதான். பெற்றவரோ, பெற்றவர் ஸ்தானத்தில் வளர்த்தவரோ காலமானால் பத்து நாள். ஆபரேஷனுக்கு விதியில் இடமில்லை. அப்பா இறந்தால் எழுதுங்கள், உடனே தருகிறேன்.

அத்தை விஷயம்: அடுத்த நாட்டு மந்திரி வீட்டு நாய்க்குட்டியின் பெயர் நமக்குத் தெரியும். நம் ஆளின் அத்தையைத் தெரியவில்லை என்று மேலிடத்துக்குத் தெரிந்தால் மானம் போகும். சத்தமில்லாமல் கோப்பில் சேர்த்துவிட்டு ஆறுதல் எழுதுங்கள். நான் நலம்.

&nbsp;

மார்ச் 6

என்றும் அன்பிற்குரிய அக்காவுக்கு,

நலம், நலமே நாடுகிறேன்.

அத்தை விழுந்த சேதி படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் மடியில் படுத்துக் கதை கேட்ட நாட்கள் கண்முன் வருகின்றன. காய்ச்சலில் நான் கிடந்தபோது கண் விழித்துப் பார்த்தவள் அவள் அல்லவா! அந்தக் கால்கள் எனக்காக எவ்வளவு நடந்திருக்கும்! "அத்தை, நீ சீக்கிரம் எழுந்து நடக்க வேண்டும்" என்று அவள் காதில் சொல்.

நான் வருவது இப்போதைக்கு இயலாது என்று தெரிகிறது. மனம் மிக வருந்துகிறது. அப்பாவிடம் பக்குவமாகச் சொல். இங்கே வெயிலும் குளிரும் மிதமாகவே உள்ளன.

அன்புத் தம்பி

&nbsp;

மார்ச் 19

முகம் தெரியாதவருக்கு,

நீங்கள் நலமாக இருங்கள். எனக்குத்தான் வயிறு எரிகிறது.

எங்கள் அப்பா அவர் வீட்டுக்கு ஒரே பிள்ளை. எங்களுக்கு அத்தை என்று ஒரு ஜீவன் கிடையாது. அத்தைக்கு மீசை முளைத்தால் சித்தப்பா என்பார்கள். நீங்கள் அத்தையையே முளைக்க வைத்துவிட்டீர்கள். விதை நான் போட்டதுதான். ஆனால் மடியில் படுத்தது, கதை கேட்டது, காய்ச்சலில் கிடந்தது எல்லாம் நீங்கள் போட்ட உரம். படிக்கும்போது எனக்கே ஒரு நிமிஷம் அந்த அத்தைமேல் பாசம் வந்துவிட்டது.

நான் வருஷக்கணக்காகக் கட்டுரை திருத்துகிறவள். பையன் எழுத வேண்டியதை அப்பன் எழுதிக்கொடுத்தால் முதல் வரியிலேயே எனக்கு மூக்கில் வேர்த்துவிடும். உங்கள் எழுத்தில் என் தம்பியின் கையெழுத்துக் கோணல் அத்தனையும் இருக்கிறது. அவனுடைய திமிர் ஒரு சொட்டுக்கூட இல்லை. அவன் ஒரு கேள்வி கேட்டால் ஒன்றுக்குப் பதில் சொல்வான், அதுவும் வேறொரு கேள்விக்கு.

அவன் சரக்கு எண்ணவில்லை என்பது எனக்கு எப்போதோ தெரியும். பத்து விரலை எண்ணச் சொன்னால் ஒன்பதில் எழுந்து போகிறவன் அவன். என்ன வேலை என்று நான் கேட்கப்போவதில்லை. கேட்டாலும் நீங்கள் சொல்லப்போவதில்லை.

ஒன்றே ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். அவன் உயிரோடு இருக்கிறானா? இருந்தால் அனுப்புங்கள். உங்கள் கடிதத்தை நான் அப்பாவிடம் காட்டவில்லை. அத்தையைப் பற்றி அவரிடம் மூச்சு விடவில்லை. அவர் தினமும் தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலில் போய் நிற்கிறார். நிற்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

ஒரு அக்கா

&nbsp;

ஏப்ரல் 28

என்றும் அன்பிற்குரிய அக்காவுக்கு,

நலம். உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதாததற்கு மன்னிக்கவும். பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன்.

நான் உயிரோடு இருக்கிறேன். இதை நான் சும்மா சொல்லவில்லை. என்னை நேரில் பார்த்தவர் ஒருவரைத் தேடிப்பிடித்துக் கேட்டு உறுதி செய்துகொண்டேன். தலைமுடி வெட்டாமல் இருக்கிறேனாம், எல்லாரிடமும் எரிந்து விழுகிறேனாம். அதைக் கேட்டு எனக்கு நிம்மதியாக இருந்தது. உனக்கும் இருக்கும்.

வேறு என்ன எழுத? இங்கே என்னோடு வேலை பார்ப்பவர் ஒருவர் இருக்கிறார். அவருடைய அப்பாவுக்கு ஆபரேஷன் என்று லீவு கேட்டார். கிடைக்கவில்லை. பிறகு, தாயில்லாத அவரைத் தாய்போல வளர்த்த அத்தை காலமாகிவிட்டார். உடனே பத்து நாள் கொடுத்துவிட்டார்கள். விதி அப்படியாம். இதை உனக்கு எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. ஊர்க்கதை.

அது போகட்டும், நம் அத்தைக்குக் கால் எப்படி இருக்கிறது? வயதானவர்கள் விழுந்தால் அதோடு எழுந்திருப்பதில்லை என்று சொல்வார்கள். எதற்கும் நாம் மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டும். நம்மைப் பெற்றவள் போன பிறகு என்னை வளர்த்து ஆளாக்கியவள் அவள்தான் என்பதை நீ ஒருநாளும் மறந்துவிடாதே. எழுதும்போதும் மறந்துவிடாதே.

அப்பாவை வாசலில் நிற்க விடாதே. ஒரு நாற்காலி போடு.

அன்புத் தம்பி

&nbsp;

மே 5

அன்புள்ள தம்பிக்கு,

உன் நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை.

நம் அத்தை, நம்மைப் பெற்றவள் போன பிறகு உன்னை வளர்த்து ஆளாக்கிய நம் அத்தை, நேற்றுக் காலை நம்மையெல்லாம் தவிக்கவிட்டுப் போய்விட்டாள். கடைசிவரை உன் பெயரைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். "அவன் வந்து ஒரு பத்து நாள் இருந்தா என் ஆத்மா சாந்தியடையும்" என்பதுதான் கடைசி வார்த்தை. பத்து நாள் என்று அவளே கணக்காகச் சொன்னாள். நல்ல விவரமானவள், பாவம்.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அவருக்குத் தாங்காது என்பதால் இதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. கடிதத்தில் இதைப் பற்றி அவருக்கு எதுவும் எழுதிவிடாதே.

உடனே புறப்படு.

ஆறாத் துயருடன்,
உன் அக்கா

&nbsp;

மே 16

எழுத்தருக்கு,

அத்தை சேதி கிடைத்தது. வருத்தம். (உங்களோடு பழகி எனக்கும் இது தொற்றிக்கொண்டது.)

லீவுக் கோரிக்கையை மேலிடத்துக்கு அனுப்பினேன். பிப்ரவரியில்தான் கோப்புக்கு வந்த அத்தை மே மாதம் செத்துப்போவது எப்படி என்று ஒரு புத்திசாலி கேட்கிறான். நேரில் விசாரித்து உறுதி செய்தால்தான் லீவு.

விசாரணைப் பிரிவில் ஆள் இல்லை. ஒருவருக்கு அம்மை. பிச்சைக்காரர் வேஷத்தில் போன இன்னொருவர் திரும்ப மறுக்கிறார். அதுவே நிம்மதியாக இருக்கிறதாம். ஆகவே நீங்கள் போங்கள். தண்ணீர் மீட்டர் பார்ப்பவராகப் போகலாம். தொப்பியும் பையும் பண்டகசாலையில் கேளுங்கள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். அத்தை பொய் என்றால் துறைமுகத்து ஆளின் வேலை போகும். அவளைக் கோப்பில் சேர்த்த உங்கள் வேலையும் போகும். சேர்க்கச் சொன்னது யார் என்று யாரும் கேட்காதபடி பார்த்துக்கொள்வது உங்கள் கடமை.

மேலதிகாரி

&nbsp;

மே 27

மேலதிகாரி அவர்களுக்கு,

நலமே விளைக. கள விசாரணை அறிக்கை சமர்ப்பிக்கிறேன்.

முதல் சாட்சி, பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா. "இந்த வீட்டு அத்தை காலமாயிட்டாங்களாமே?" என்று பேச்சுக் கொடுத்தேன். அவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு மிஷினை நிறுத்தினார். "ஆமாங்க, தங்கமான மனுஷி. ஒரு துணி தைக்கக் குடுத்துட்டுப் போனாங்க. வாங்க வர்றதுக்குள்ள போய்ச் சேந்துட்டாங்க" என்று அழுதார். அழுகை உண்மையானது. என் கைக்குட்டை இன்னும் அவரிடம்தான் இருக்கிறது. மிகவும் நம்பத்தக்க சாட்சி.

இரண்டாம் சாட்சி, தெருமுனை இஸ்திரிக்காரர். "அந்தம்மாவா? போன வாரம்கூட இந்தப் பக்கமா போனாங்களே!" என்றார். அவர் இறந்தது மே நான்காம் தேதி என்று எடுத்துச் சொன்னேன். "அப்படின்னா அதுக்கு முந்தி போனாங்கன்னு வச்சுக்குங்க. உங்களுக்கு என்ன, ஆள் போனாங்களா இல்லையா?" என்று கேட்டார். தேதியில் தடுமாற்றம் உண்டு. ஆள் போனதில் தடுமாற்றம் இல்லை.

மூன்றாவதாகக் குடும்பத் தலைவர். வெயிலில் வந்தவன் என்று என்னை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். அதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது. தங்களுக்குக் கூடப்பிறந்தவர்கள் உண்டா என்று மெல்லக் கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "எனக்கு யாரு இருக்கா? யாருமில்லையே" என்றார். அதற்கு மேல் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

அவர் தம் மகனின் கடிதங்கள் சிலவற்றையும் எனக்குக் காட்டினார். நடை நன்றாக இருப்பதாகச் சொன்னார். ஆண்டறிக்கையில் நம் பிரிவைப் பற்றி எழுத உதவும் என்பதால் இதையும் குறிப்பிடுகிறேன்.

முடிவு: அத்தை காலமானது உறுதி. லீவு உடனே வழங்கலாம். தாமதமானால் இன்னொரு லீவும் சேர்த்து வழங்க வேண்டிவரும். இதை நான் கண்ணால் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

பணிவுடன்,
எழுத்தர்

&nbsp;

ஜூலை 21

அன்புள்ள தம்பிக்கு,

இப்படித்தான் கூப்பிடப் போகிறேன். வேறு எப்படிக் கூப்பிடுவது என்று நீங்கள் சொல்லவில்லை. நலமா?

எங்கள் வீட்டுத் தண்ணீர் மீட்டர் கொல்லைப்புறத்தில் இருக்கிறது. மே மாதம் வந்தவர் கூடத்தில் இருக்கிற மின்சார மீட்டருக்கு முன்னால் பக்தியோடு நின்று எண் எழுதிக்கொண்டார். அப்போதே நான் கதவுக்குப் பின்னால் வந்துவிட்டேன். அப்பா கடிதம் படித்துப் பாதியில் மூச்சு வாங்கியபோது, "குடுங்க ஐயா, மீதியை நான் படிக்கிறேன்" என்று வாங்கினார். காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கடைசி வரிவரை ஒரு பிழை இல்லாமல் படித்துவிட்டுப் போனார். போகும்போது தன்னை மறந்து, அப்பாவிடம் மாத்திரை போட்டீர்களா என்று வேறு கேட்டார். உங்கள் ஆபீஸ் இன்னும் பிழைத்திருப்பது ஆச்சரியம்தான்.

தையல்காரம்மாவுக்கு நான் எதுவும் சொல்லிவைக்கவில்லை. அத்தை இறந்ததாக ஏன் சொன்னீர்கள் என்று பிறகு அவரிடம் கேட்டேன். "தெரியாதுன்னு சொன்னா, பக்கத்து வீட்ல என்ன நடக்குதுன்னுகூடத் தெரியாதவன்னு நெனச்சுட மாட்டாரா?" என்றார்.

ஜூன் கடைசியில் அவன் வந்துவிட்டான். தாடியும் பையுமாக வாசலில் நின்று, "டீச்சரம்மா, பசிக்குது" என்றான். அப்பா அவன் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். எனக்கும் அழுகை வந்துவிட்டது. அந்த அழகெல்லாம் ஒரு மணி நேரம்தான். சாப்பிடும்போது அப்பா, "'நீங்கள்தான் என் முதல் ஆசான்'னு எழுதினியே, அதைப் படிச்சு எவ்வளவு நாள் அழுதேன் தெரியுமா?" என்றார்.

"நானா? எனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு?" என்றான் அவன்.

அப்பா தட்டைத் தள்ளிவிட்டார். "கடுதாசில இருக்கறவன் மனுஷன். நேர்ல வந்திருக்கறது என்னடா?"

"அப்ப அவனையே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. கத்தின்னதும் பயம். அதுக்கு என்னைச் சாக்கு வச்சு ஆறு மாசமா ஒளிஞ்சுக்கிட்டிருக்கீங்க. பயந்தாங்கொள்ளி!"

எனக்கு உயிரே போய்விட்டது. அந்த வார்த்தையை நீங்கள் எழுதியிருக்க மாட்டீர்கள். நான் அதை எத்தனையோ நாள் நாக்கு நுனிவரை கொண்டுவந்து விழுங்கியிருக்கிறேன். அப்பா எழுந்து நின்றார். "யாருடா பயந்தாங்கொள்ளி? எடும்மா பையை! இவன் மூஞ்சியைப் பாத்துக்கிட்டு இருக்கறதுக்கு ஆஸ்பத்திரி எவ்வளவோ மேல்!"

மறுநாளே சேர்த்துவிட்டோம். ஆபரேஷன் நன்றாக முடிந்தது. முடியும்வரை அவன் அப்பாவின் கண்ணாடியைக் கையில் வைத்துத் துடைத்துக்கொண்டே நின்றான். அப்பா கண் திறந்ததும், "முடி வெட்டிக்கோடா" என்றார். இப்போது மூச்சு வாங்காமல் தெருமுனைவரை நடக்கிறார்.

அவன் திரும்பிப் போய்விட்டான். இனிமேல் உங்கள் கடிதம்தான் வரும். அப்பா அதற்கும் காத்திருக்கிறார். திட்டுவதற்கு ஒரு பிள்ளை, படிப்பதற்கு ஒரு பிள்ளை என்று ஆகிவிட்டது அவருக்கு. உங்கள் வேலையைப் பணயம் வைத்து எங்கள் அப்பாவைக் காப்பாற்றினீர்கள். இதற்கு நன்றி என்று எழுதினால் சின்னதாக இருக்கிறது. வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

ஒன்று கேட்கிறேன். எல்லா வீட்டுக்கும் நீங்கள் கடிதம் எழுதுகிறீர்கள். உங்களுக்கு யார் எழுதுகிறார்கள்?

உங்கள் அக்கா

&nbsp;

ஆகஸ்ட் 9

அன்பிற்குரிய அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நலம். உன் கடிதம் கண்டதிலிருந்து மிகவும் நலம்.

அப்பா தெருமுனைவரை நடக்கிறார் என்று எழுதியிருந்தாய். அந்த இடத்தை நான் நாலு தடவை படித்தேன். வேகமாக நடக்க வேண்டாம் என்று சொல். நேரில் வந்தபோது நான் பேசிய பேச்சுக்கு மன்னிப்புக் கேட்க நினைத்தேன். பிறகு, வேண்டாம், அந்தப் பேச்சு அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அவருக்கு அதுவும் வேண்டும் போலிருக்கிறது.

உன் கடைசிக் கேள்விக்குப் பதில் எழுதத்தான் இவ்வளவு நாள் ஆயிற்று. யார் யாருக்கோ பக்கம் பக்கமாக எழுதுகிற எனக்கு இந்த ஒன்றுக்கு வார்த்தை வரவில்லை. எழுதுவதும் கிழிப்பதுமாக இருந்தேன்.

எனக்கு நீதான் எழுதுகிறாய், அக்கா. வேறு யாருமில்லை. தொடர்ந்து எழுது.

இங்கே நேற்று நல்ல மழை. நனைந்துகொண்டே வேலைக்குப் போனேன்.

அன்புத் தம்பி

(அலுவலகப் பிரதியில் மேலதிகாரியின் குறிப்பு: மழை பற்றிய வரியை எடுத்துவிடவும், இடம் தெரிந்துவிடும். மற்றபடி வழக்கமான குடும்பக் கடிதம். உண்மைத் தகவல் எதுவும் இல்லை. அனுப்பலாம்.)